கத்தியில் படியும் கறுப்பு துரு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரும்புக் கத்தி கறுத்துப்போனால் இரவு முழுக்க வினிகரில் ஊறப்போட்டு, காலையில் கம்பி நாரால் தேய்த்தால் புதிதுபோல மின்னும் என்று தங்கள் நாளிதழின் வீட்டுக்குறிப்புப் பகுதியில் வந்திருந்தது. மின்னும்தான். அடுத்த தடவை ஈரத்தோடு வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் செம்புள்ளியும் கிளம்பும்.

எவர்சில்வர் கத்தியைக் காப்பது அதில் கலந்திருக்கும் குரோமியம். சாதாரணமாக 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும். நாம் இரும்புக் கத்தி என்று சொல்லும் கார்பன் ஸ்டீலில் அந்த அளவு கிடையாது. வெங்காயச் சாறும் எலுமிச்சையும் பட்டுப் பட்டு அலகில் படிகிற கருநீலப் படலம்தான் அது தானாகத் தேடிக்கொள்ளும் காப்பு. செந்துருவோ உப்பிச் செதில் செதிலாக எழும்பும். ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளே அரித்துக்கொண்டே போகும். இரண்டில் எது என்ற சந்தேகம் வந்தால், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்பழுப்பு ஏறினால் துரு. அலகு வழவழவென்று இருந்து துணியில் லேசான சாம்பல் மட்டும் பட்டால், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

துரு கரைந்த பிறகும் வினிகர் சும்மா இருக்காது, நல்ல இரும்பைத் தின்னும். மெலிந்த கூர்ப்பகுதிதான் முதலில் போகும். பாதி முங்கிய கத்தியில் வினிகர் மட்டம் நின்ற இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழும். மரப்பிடி ஊறி உப்புவது தனி.

மேலோட்டமான துருவுக்கு எண்ணெயும் நான்கு சுழி (0000) எண்ணுள்ள மிக மெல்லிய இரும்பு நாரும் போதும். ஆழமாக இருந்தால், அலகைப் பலகையில் படுக்கவைத்து, மரக்கட்டையில் சுற்றிய ஈர உப்புத்தாளால் பிடியிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முதலில் 400 எண் தாள், பிறகு 800, பிறகு 1500. முந்தைய தாளின் கீறல் முழுக்க மறையாமல் அடுத்ததற்குப் போனால், கடைசியில் பளபளப்புக்கு நடுவே அந்தக் கீறல்தான் கண்ணில் குத்தும். அலகின் பக்கவாட்டில் உள்ள குழிகளைத் துரத்த வேண்டாம். அலகு வீணாக மெலியும். கூர்விளிம்பைத் தொடும் குழி மட்டுமே தொல்லை, அங்கேதான் விளிம்பு உடையும்.

தேய்த்து வெளுத்த அலகுக்கு மறுபடி படலம் ஏற்ற அதே வினிகர் உதவும். சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். அதற்குமேல் விரல் படக்கூடாது. பட்ட இடத்தில் ரேகை வெளிறித் தெரியும். வெதுவெதுப்பான வினிகரில் அலகை மட்டும் பத்து நிமிடம் முக்கி, கழுவிப் பாருங்கள். சாம்பல் நிறம் போதாவிட்டால் இன்னும் இரண்டு முறை செய்யலாம். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து அலசி, உடனே ஈரம் போகத் துடைக்க வேண்டும். சோடாவை விட்டுவிட்டால் பிடியின் இடுக்கில் தங்கிய அமிலம் மறுநாள் ஆரஞ்சு நிறத்தில் தலைகாட்டும்.

தினமும் புழங்கும் கத்திக்கு எண்ணெய் தேவையில்லை. உள்ளே வைக்கப்போவதானால் உணவுத்தர மினரல் ஆயில் இரண்டு சொட்டு தடவித் துடைத்துவிடலாம். சமையல் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துப் போகும். தோலுறையில் போட்டு மாதக்கணக்கில் வைப்பது வேண்டாம், தோல் ஈரம் இழுக்கும்.

மின்சாணையிலோ டிரில்லில் மாட்டிய பிரஷ்ஷிலோ துரு எடுப்பவர்களுக்கு ஒன்று: சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கத்தியின் பதம் இறங்கத் தொடங்கும். கூரில் நீலம் பாய்ந்துவிட்டால் 300 டிகிரியை நெருங்கிவிட்டது என்று பொருள். எத்தனை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது.

அந்தக் குறிப்புக்குத் திருத்தம் வெளியிடுவதானால், ‘இரவு முழுக்க’ என்பதைப் ‘பத்து நிமிடம்’ என்று மாற்றி, கம்பி நாரை எடுத்துவிட்டாலே போதும்.

இப்படிக்கு,
வாசகர்