பூச்சு வேலைக்கு முன் கேபிளுக்கு வழி விடு

பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்ற செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். அவருக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது. தெருமுனையில் வருகிறவர் யார் என்று இப்போது எங்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறார். இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தாமிரபரணி கலங்கி ஓடுகிறது.

மாடியில் தளம் போட்டாகிவிட்டது, சுவர்ப் பூச்சு இனிமேல்தான் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும்தான் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். வீட்டுக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கேபிளைச் சுவருக்குள் பதிப்பது பூச்சுக்கு முன்னால் ஒரு நாள் வேலை. பூச்சு முடிந்து வண்ணமும் அடித்த பிறகு என்றால், சுவரை மறுபடியும் வெட்ட வேண்டும், அல்லது கேபிளை வெளியே தொங்கவிட வேண்டும்.

இணைய இணைப்பின் வேகத்தைக் கூட்டினால் மாடிக்கும் கீழுக்கும் கோப்புகள் வேகமாகப் போகுமா என்று கேட்டிருந்தாய். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. உள்ளறையிலிருந்து அடுக்களைக்குப் போக யாரும் தெருவைச் சுற்றுவதில்லை. ஆனால் பல வீடுகளில் கோப்புகள் அப்படித்தான் போகின்றன. மாடியில் இருக்கும் மகன் கீழே இருக்கும் தாய்க்கு ஒரு படத்தை அனுப்பினால், அது எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்த் திரும்பி வருகிறது. வீட்டுக்குள் ஒரு வலையமைப்பு இருந்தால் இணையம் அறுந்து கிடக்கும் நாளிலும் கோப்பும் பிரிண்டரும் எல்லா அறைக்கும் பொதுவாக இருக்கும். இன்று வீடு கட்டுகிறவர்கள் தண்ணீர்க் குழாய்க்குக் கொடுக்கும் கவனத்தை இதற்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உனக்கு இது கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் உன் அப்பாவின் வாசிப்பு பதிந்த கேசட்டுகள். 90 நிமிடக் கேசட் ஒன்றைச் சுருக்காமல், சி.டி. தரத்தில் கணினியில் ஏற்றினால் ஏறக்குறைய 950 மெகாபைட் வரும். நொடிக்கு 1 கிகாபிட், அதாவது 1000 மெகாபிட், வேகமுள்ள கம்பி இணைப்பில், எட்டு பிட் ஒரு பைட் என்பதால், நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் அளவுக்குக் கிடைக்கும். ஒரு கேசட் முழுவதும் பத்து நொடிக்குள் மாடியிலிருந்து கீழே வந்துவிடும். வைஃபையிலும் வரும்தான். ஆனால் உன் வீட்டில் முக்கால் அடிச் செங்கல் சுவர், அதற்கு மேல் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். அதைக் கடக்கும்போது அலை வலுவிழந்துவிடும், வேகமும் நேரத்துக்கு ஒரு மாதிரி இருக்கும். கைபேசிக்கு வைஃபை போதும். இருந்த இடத்திலேயே இருக்கும் கணினி, தொலைக்காட்சி, பிரிண்டர் ஆகியவற்றுக்குக் கம்பிதான்.

கேபிள் வாங்கும்போது ‘கேட் 6’ என்ற வலையமைப்புக் கேபிள் ரகத்தைக் கேள். 305 மீட்டர் பெட்டியாக வரும்; கடைக்காரர் மீட்டர் கணக்கிலும் வெட்டித் தருவார். முழுச் செம்பா என்று பார்த்து வாங்கு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான ரகமும் அதே நிற உறையில் வருகிறது. நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அது சீக்கிரம் ஒடியும். கேமராவுக்கு அதே கம்பியில் மின்சாரமும் கொடுத்தால் சூடாகும். சுவருக்குள் புதைக்கும் பொருளில் காசு பார்க்காதே.

உறையை உரித்துப் பார்த்தால் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். அந்த முறுக்கில்தான் விஷயமே இருக்கிறது. பக்கத்தில் போகும் மின்கம்பியின் மின் குறுக்கீடு, அதாவது இரைச்சல், ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் விழும். மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். தொலைபேசிக்காக கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் முறையை உருவாக்கியபோது தடித்த ஒற்றைக் கேபிளைத்தான் பயன்படுத்தினார்கள். பிற்பாடு அது இந்த முறுக்குக் கம்பிக்கு மாறியதால்தான் இவ்வளவு மலிவாக நம் வீடு வரை வந்தது. ஆகையால் முனையில் சொருகும்போது அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்க விடாதே.

எலெக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. மின்கம்பி போகும் குழாயில் இந்தக் கேபிள் போகக் கூடாது. தனியாக 25 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் போடச் சொல். இரண்டும் பக்கம் பக்கமாக ஓட வேண்டாம். குறுக்கே வெட்டிப் போகலாம். மூலைகளில் எல்போ வேண்டாம், வளைவான பெண்டு போதும். கூர்மையாக மடிந்தால் உள்ளே ஜோடிகள் குலைந்துவிடும். குழாய்க்குள் ஒரு இழுகம்பியை விட்டுவைக்கச் சொல். நாளைக்குப் புதுவகைக் கேபிள் வந்தால் சுவரைத் தொடாமல் மாற்றிக்கொள்ளலாம். ஒரு கேபிள் 100 மீட்டர் வரை போகலாம் என்பதால் நீளம் பற்றி உனக்குக் கவலையே இல்லை. அறைக்கு ஒன்று போதும் என்பார்கள். இரண்டாகப் போடு.

எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் இடமாக மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலையை ஒதுக்கு. அங்கே எட்டு போர்ட் (கேபிள் சொருகும் துளை) உள்ள ஒரு கிகாபிட் சுவிட்ச் வைத்தால் போதும். விளக்குச் சுவிட்ச் இல்லை, கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி. ரூட்டரோடு சேர்த்து அதற்கும் ஒரு சிறிய யு.பி.எஸ். தேவை. இணைய நிறுவனம் தரும் பெட்டியின் போர்ட்டுகள் சில சமயம் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும் என்பதால் அறைக்கு அறை போகும் போக்குவரத்து சுவிட்ச் வழியாகவே நடக்கட்டும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு முனையையும், எட்டுக் கம்பிகளையும் சோதிக்கும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ஆளை அனுப்பிவிடாதே. இங்கே மாடி அறையில் எல்லாம் வேலை செய்வது போலத்தான் இருந்தது. ஆனால் ஒரு பெரிய கோப்பை அனுப்பினால் பத்தில் ஒரு பங்கு வேகம்தான் கிடைத்தது. கணினியில் இணைப்பின் விவரத்தைத் திறந்தால் 1000 மெகாபிட் இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தது. டெஸ்டரில் முதல் ஏழு விளக்குகளும் வரிசையாக எரிந்தன, எட்டாவது எரியவில்லை. சுவரிலிருந்த சாக்கெட்டைத் திருகிக் கழற்றினேன். பழுப்பு நிறக் கம்பி தன் பள்ளத்தில் முழுதாக இறங்காமல் மேலாகவே உட்கார்ந்திருந்தது. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், 1000-க்கு நான்கும் வேண்டும். அதனால்தான் அறுந்துபோகாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பியை அழுத்தி இறக்கியதும் விளக்கு எரிந்தது, எண்ணும் மாறியது.

பிரிண்டருக்கும் கோப்புகளை வைக்கும் கணினிக்கும் ரூட்டரில் நிலையான முகவரி ஒதுக்கிவிடு, 192.168.1.50 என்பது போல. இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்த பிறகு பிரிண்டருக்கு வேறு முகவரி கிடைத்து, நேற்று வரை அச்சடித்த கணினி இன்று அதைக் காணோம் என்று சொல்லும்.

கோப்புகளை வைக்கத் தனிக் கருவி வாங்க வேண்டாம். உன் பழைய மேசைக் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தையும், கோப்புகளைப் பகிரும் சாம்பாவையும் நிறுவிக்கொள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் சாம்பா. விண்டோஸ் கணினிகளுக்கு அது ஒரு சாதாரணப் பகிர்வுக் கோப்புறையாகவே தெரியும். அப்பாவின் ஒலிப்பதிவுகள் இருக்கும் கோப்புறையை எல்லோரும் கேட்கலாம், யாரும் அழிக்க முடியாது என்று அனுமதி வைத்துவிடு. மாற்றும் உரிமை உனக்கு மட்டும் இருக்கட்டும். பழைய ஸ்கேனர் ஏதாவது, எஸ்.எம்.பி. என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதல் பதிப்பைத் திறக்கச் சொன்னால் திறக்காதே. 2017 மே மாதம் உலகமெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை என்ற தீநிரல் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. வெளியூரிலிருந்து பார்க்க வசதி என்று யாராவது சொன்னாலும் ரூட்டரில் கோப்புப் பகிர்வுக்கான வாசலான 445 என்ற எண்ணுள்ள போர்ட்டை வெளியே திறந்துவிடக் கூடாது.

இன்னொன்று. பகிர்ந்து வைத்திருப்பது வேறு, பாதுகாத்து வைத்திருப்பது வேறு. அந்தக் கணினியின் வன்தட்டு ஒரு நாள் நின்றுபோகும். ஒரு பிரதி வெளி வன்தட்டில், இன்னொரு பிரதி தங்கை வீட்டில் இருக்கட்டும். தேருக்கு முன்னால் அப்பா வாசித்த அந்த மல்லாரி இசையை இனி யாராலும் திரும்பப் பதிவு செய்ய முடியாது. கேசட் நாடாவும் காத்திருக்காது. வீட்டு வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் முதலில் அவற்றைக் கணினியில் ஏற்று.

கொல்லைப்புறத்து ஓட்டு வீட்டுக்கும் கேபிள் இழுக்கலாமா என்று கேட்டாயே, அங்கே மட்டும் செம்புக் கம்பி வேண்டாம். இரண்டு கட்டடங்களுக்கு இடையே திறந்த வெளியில் போகும் கம்பி, பக்கத்தில் இடி விழுந்தால் மின்னேற்றத்தை நேராக உள்ளே கொண்டுவந்து எல்லாக் கருவிகளையும் எரித்துவிடும். கண்ணாடி இழைக் கேபிளில் மின்சாரம் பாயாது. அதையே இழு.

தளத்தின் வரைபடத்தைப் படம் எடுத்து அனுப்பு. எந்தச் சுவரில் எத்தனை உயரத்தில் சாக்கெட் பெட்டி வைக்கலாம் என்று குறித்து அனுப்புகிறேன். கேபிள் முனையில் பிளக் பொருத்தும் கிரிம்பிங் கருவியும் டெஸ்டரும் என்னிடம் இருக்கின்றன, நீ வாங்காதே. கொத்தனார் பூச்சுக்கு என்றைக்கு வருகிறார் என்று எழுது. அதற்கு முன்னால் நானே மயிலாடுதுறைக்கு வண்டி ஏறிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்