சர்க்கரை பார்க்க இரண்டு நாள் அலைச்சல்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். போன மாதம் அம்மாவைச் சர்க்கரை பார்க்க ஓர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். முதல் பஸ்ஸை விட்டால் ஓபி சீட்டுக்கே வெயில் ஏறிவிடும் என்று வெறும் வயிற்றோடு கிளம்பி வந்தார். சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க இன்னொரு வரிசை. டாக்டர் பொறுமையாகத்தான் விசாரித்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சோதனை எழுதிக் கொடுக்கும்போது மணி பத்தரை. லேபுக்குப் போனால், பத்து மணிக்கு மேல் ரத்தம் எடுப்பதில்லை, நாளைக்கு வாங்க என்றார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. படியில் உட்கார்ந்து, தலை சுற்றினால் போட்டுக்கொள்ள முந்தானையில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாளும் அதே பஸ், அதே வெறும் வயிறு. எனக்குக் கடையில் இரண்டு நாள் சம்பளம் போனது.

ரத்தம் எடுத்த நர்ஸம்மாவிடம் ஆதங்கத்தைச் சொன்னேன். சீட்டு போடும்போதே சர்க்கரைக்காரர்களைத் தனியாகப் பிரித்து ரத்தம் எடுத்துவிட்டால், டாக்டரிடம் போகும்போது ரிசல்ட் கையில் இருக்கும், நாங்களும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புது மெஷின் வேண்டாம், பொறுப்பில் இருப்பவர் போடும் ஓர் உத்தரவு போதும். ஆனால் நர்ஸ் சொல்வது மேலே போய்ச் சேரவே இல்லை.

டீன், இணை இயக்குநர், தலைமை மருத்துவர் என்று பொறுப்பில் இருக்கிற எல்லோரிடமும் நான் கேட்பது இதுதான். மாதத்தில் ஒரு நாள், யாருக்கும் சொல்லாமல், வயதான ஒரு நோயாளியோடு சீட்டு கொடுக்கும் ஜன்னலிலிருந்து மாத்திரை வாங்கும் இடம் வரைக்கும் கூடவே நடந்து பாருங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் பிளீச்சிங் பவுடர் வாசனைதான் வரும், எங்கள் கஷ்டம் தெரியாது. அப்புறம் அன்றைக்கே நர்ஸ்களையும் லேப்காரர்களையும் கூப்பிட்டு, எது தடங்கல் என்று கேளுங்கள்.

வேலையை ஒழுங்குபடுத்தி நோயாளியின் அலைச்சலைக் குறைப்பது மதுரைக்காரர்களுக்குப் புதுசா என்ன? டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் வெறும் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். ஆபரேஷன் அறையில் இரண்டு மேஜை போட்டு, ஒருவருக்கு முடிவதற்குள் அடுத்தவரைத் தயாராக வைத்து, டாக்டரின் நேரம் ஒரு நிமிஷமும் வீணாகாமல் பார்த்துக்கொண்டது அந்த மருத்துவமனை. நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் ஊர் ஊராக முகாம் போட்டார்கள், கிராமத்துப் பெண்களையே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். பணம் இருப்பவர் கொடுத்தார், இல்லாதவருக்கு இலவசம்.

அது தனியார் அறக்கட்டளை, அரசில் நடக்குமா என்று கேட்பார்கள். ஏன் நடக்காது? 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, எவ்வளவு மருந்து எடுக்கலாம் என்று கணக்கு வைக்க ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் போட்டுக் கொடுத்தது அரசுதானே. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் தெருவுக்கே பிரஷர் மாத்திரை வருகிறது, அம்மா அதை நன்றியோடுதான் சொல்வார்.

மதுரைக்குப் பக்கத்தில் தோப்பூரில் மத்திய அரசின் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள், அது முழுசாக வர வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சர்க்கரை பார்க்க யாரும் எய்ம்ஸுக்குப் போகப் போவதில்லை, பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள். அங்கே லேப் நேரத்தை மாற்ற டெல்லியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

அம்மாவுக்கு மூன்று மாதத்தில் மறுபடியும் சோதனை இருக்கிறது. அதற்குள் அந்தப் பத்து மணி என்பதை மட்டுமாவது மாற்றிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்