காங்கேசன்துறை எங்கே? எயர் சிலோன் நினைவுச் சேர்ட்டை வெளியிட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

இலங்கையின் அந்தக்கால அரசாங்க விமான சேவையான எயர் சிலோனின் பழைய நாட்களைக் கொண்டாடி நீங்கள் வெளியிட்ட நினைவுச் சேர்ட் பற்றி இதை எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சந்திக்கு இழுப்பது என் நோக்கமல்ல, அதனால் பெயரைக் குறிப்பிடவில்லை. தனிப்பட்ட முறையில் இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். ஒரு தடவைதான் பதில் வந்தது, அதுவும் இரண்டே வரி. அதனால்தான் இப்போது எல்லோரும் வாசிக்கும்படி எழுதவேண்டியிருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். சேர்ட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் வழித்தட வரைபடத்தில் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையைச் சேருங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். துணி நல்ல பருத்தி. இரண்டு தரம் தோய்த்தும் சாயம் போகவில்லை. நெஞ்சில் இருக்கும் டகோட்டாவை வரைந்தவர் அந்த விமானத்தை நேசிப்பவராகத்தான் இருக்கவேண்டும். வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை வானத்துக்கு நிமிர்த்திக்கொண்டு நிற்கிற நிலை அப்படியே வந்திருக்கிறது. மூக்கடியில் 'சீதாதேவி' என்ற பெயரும் இருக்கிறது. கைப்பக்கம் 1964இல் வந்த அவ்ரோ, அதற்குக் கீழே 1969இல் வந்த டிரைடென்ட், அதன் மூன்று எஞ்சினும் வாலடியில். இவ்வளவும் தேடிப் பிடித்து வரைந்திருக்கிறீர்கள்.

டகோட்டாவின் கீழே எழுதியிருக்கிறீர்கள்: '1947 டிசம்பர் 10, முதல் பறப்பு, இரத்மலானை – மெட்ராஸ்.' முதுகுப் பக்கம் அதே பயணத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. இரத்மலானையில் கிளம்பி எங்கும் நிற்காமல் நேரே கடலைத் தாண்டிப் போகிறது.

அந்தப் பயணம் அப்படி நடக்கவில்லை. சீதாதேவி அன்று காங்கேசன்துறையில் இறங்கித்தான் மெட்ராஸுக்குப் போனாள். பலாலி விமான நிலையத்துக்கு அந்தக் காலத்துக் கால அட்டவணைகளில் இருந்த பெயர்தான் காங்கேசன்துறை. எயர் சிலோனின் சக்கரம் இரத்மலானையை விட்டுக் கிளம்பி முதன்முதலாகத் தொட்ட தரை எங்களுடையது. டகோட்டாவின் வால் சக்கரத்தை மறக்காத நீங்கள் இதை மறந்திருப்பீர்கள் என்று நம்புவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

என் மகன் மொறட்டுவையில் படிக்கிறான். தன் அம்மப்பாவின் பிறந்தநாளுக்கென்று சாப்பாட்டுக் காசில் மிச்சம் பிடித்து 6,500 ரூபாவுக்கு இந்தச் சேர்ட்டை வாங்கிக்கொண்டு வந்தான். அப்பா 1962இலிருந்து பலாலியில் எயர் சிலோனுக்கு வேலை செய்தவர். பொதி நிறுப்பது அவர் வேலை. பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் தராசில் ஏற்றித்தான் நிறுப்பார்களாம், சின்ன விமானமல்லவா. சிதம்பரத்துக்குப் போகிற ஆச்சிமார், கலியாணச் சேலை எடுக்கத் திருச்சிக்குப் போகிற குடும்பங்கள், மெட்ராஸில் படிக்கிற பெடியள் என்று எல்லோரும் அந்தத் தராசில் ஏறி இறங்கியவர்கள். பெண்கள் ஏறினால் அப்பா எடையை வாய்விட்டுச் சொல்லமாட்டாராம். ஒரு துண்டுத் தாளில் எழுதி மற்றப் பக்கம் நீட்டுவாராம். இதை எங்களுக்கு நூறு தரமாவது சொல்லியிருப்பார்.

சேர்ட்டைக் கண்டதும் அவருக்கு அவ்வளவு சந்தோசம். டகோட்டாவைத் தடவிப் பார்த்தார். கதவால் ஏறினால் உள்ளே மேட்டில் ஏறுகிற மாதிரி நடக்கவேண்டும் என்று பேரனுக்கு எழுந்து நின்று செய்துகாட்ட வெளிக்கிட்டார், நாங்கள்தான் பிடித்து இருத்தினோம். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சேர்ட்டை மடியில் விரித்து முதுகுப் பக்கத்தைத் திருப்பினார். விரலை இரத்மலானையில் வைத்து மேலே நகர்த்தினார். அனுராதபுரம் இருந்தது. அதற்கு மேலே ஒன்றுமில்லை. திரும்பவும் கீழே வந்து மேற்குக் கரை வழியாக ஒருதரம் போனார். துணி எங்காவது மடிந்து கிடக்கிறதோ என்று கையால் நீவிவிட்டார்.

"கே.கே.எஸ். எங்கை பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். காங்கேசன்துறையை நாங்கள் அப்படித்தான் சுருக்கிச் சொல்வோம்.

எனக்குச் சொல்ல ஒரு பதிலும் இருக்கவில்லை. அவருக்கு இப்போது கண் மங்கல். தன் கண்ணில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டார். "லைற்றைப் போடு" என்றார். போட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு சேர்ட்டை நாலாக மடித்துக் கதிரைக் கையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தச் சேர்ட்டை அவர் இன்றுவரை போடவில்லை.

இட நெருக்கடியால் வரைபடத்தை எளிமைப்படுத்தியதாக உங்கள் பதிலில் எழுதியிருந்தீர்கள். அந்த வரைபடத்தை நான் பல நாள் பார்த்துவிட்டேன். சிட்னி இருக்கிறது. லண்டன் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமும் இருக்கிறது. அவை இருக்கத்தான் வேண்டும். 1949இல் அவுஸ்திரேலியக் கம்பனியோடும், 1956இல் டச்சுக் கம்பனியோடும் கூட்டுச் சேர்ந்து தூர தேசங்களுக்குப் பறந்ததும் எங்கள் எல்லோருக்கும் சொந்தமான வரலாறுதான். ஆனால் இலங்கையின் வடக்கு முனைக்கும் இந்தியக் கரைக்கும் இடையில் அழகுக்கென்று ஒரு திசைகாட்டியைப் போட்டிருக்கிறீர்கள். நன்றாகப் பெரிதாக, எட்டு முனையோடு. அதன் தெற்கு முனை குத்துகிற இடம் காங்கேசன்துறை. இடம் இருந்திருக்கிறது ஐயா. அதை அலங்காரத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஒரு சேர்ட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று உங்களில் யாருக்காவது தோன்றலாம். எங்கள் வீடு வசாவிளானில், ஓடுபாதைக்குக் கிட்ட. 1990 ஜூனில் உடுத்த துணியோடு வெளிக்கிட்டோம். அதன் பிறகு அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயம். போர் முடிந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு காணியைப் பார்க்கப் போனபோது வீடும் இல்லை, கிணறும் இல்லை. அப்பா கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்ற இடத்தைக் குத்துமதிப்பாகக் காட்டினார். அதைப் பற்றி உங்களிடம் கேட்க ஒன்றுமில்லை, அது கேட்கவேண்டிய இடம் வேறு. தமிழில் வருகிற அரசாங்கப் படிவங்களில் எழுத்துப் பிழை, பெயர்ப் பலகையில் பிழை, பஸ்ஸில் எழுதியிருப்பதில் பிழை என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்தும் போயிருக்கிறோம். உங்கள் சேர்ட்டின் கழுத்துப் பட்டியிலும் தமிழில் 'எயர் சிலேன்' என்றுதான் இருக்கிறது. ஒரு கால் விடுபட்டதற்கு முன்பென்றால் சண்டைக்கு வந்திருப்பேன். இப்போது களைத்துவிட்டேன். ஆனால் ஊரின் பெயரே இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க மனம் இடம் தரவில்லை.

அப்பாவுக்கு அந்த விமான சேவை அரசாங்கத்தின் சொத்தாக மட்டும் இருக்கவில்லை. 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி இரத்மலானையில் அவ்ரோவைக் குண்டு வைத்து அழித்தார்கள். செய்தவர்கள் எங்கள் பக்கத்துப் பெடியள்தான். வானொலியில் செய்தி கேட்ட அன்று அப்பா சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லுவா. "நான் பொதி ஏத்தின பிளேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்படி அழுத ஒருவரின் ஊரைத்தான் வரைபடத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

2019 ஒக்டோபர் 17இல் பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த அன்று சென்னையிலிருந்து வந்த விமானத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நாற்பது வருட இடைவெளிக்குப் பிறகு என்று சொன்னார்கள். இடைவெளி என்றால் அதற்கு முன்னால் ஒன்று இருந்திருக்கவேண்டும் அல்லவா? அந்த முன்னால் இருந்ததன் முதல் நாள்தான் உங்கள் சேர்ட்டில் இருக்கிற தேதி. இன்று அந்த விமான நிலையத்தில் வந்திறங்குகிற ஒரு பிள்ளை உங்கள் சேர்ட்டை வாங்கினால், இங்கே முன்பு ஒன்றுமே இருக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொள்ளும்.

கோபத்தில் ஒன்றிரண்டு சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முயற்சியை நான் குறைத்து மதிக்கவில்லை. சேர்ட்டைத் திரும்ப எடுங்கள் என்றோ காசைத் தாருங்கள் என்றோ கேட்கவில்லை. விற்றது விற்றதாக இருக்கட்டும். அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போது திசைகாட்டியை வங்காள விரிகுடாப் பக்கம் நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் காங்கேசன்துறை என்று எழுதுங்கள். சிவப்புக் கோட்டை அதன் வழியாக மடித்து மெட்ராஸுக்குக் கொண்டுபோங்கள். தமிழ் எழுத்தை அச்சுக்கு முன் ஒருதரம் எனக்கு அனுப்பினால் அன்றைக்கே திருத்தித் தருகிறேன், அதற்கு ஒரு சதமும் வேண்டாம்.

ஆதாரம் தேவையென்றால், அப்பாவிடம் பிஸ்கட் தகரத்துக்குள் ஒரு பொதித் துண்டு இருக்கிறது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் அடையாள அட்டையோடு சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடிய துண்டு. அதில் ஊரின் பெயர் அச்சில் இருக்கிறது. படம் எடுத்து அனுப்புகிறேன்.

புதிய சேர்ட் வந்ததும் தயவுசெய்து அறிவியுங்கள். மீடியம் அளவில் ஒன்று எடுத்து வையுங்கள். முந்தியதைப் பெரிய அளவில் வாங்கிவிட்டோம், அப்பா இப்போது நன்றாக மெலிந்துபோனார். காசை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பலாலியில் பொதி நிறுத்தவரின் மகள்,
சுன்னாகம்.