நார்மல்: சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக

கோவில்பட்டி,
தை 10.

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நலமறிய ஆவல். உனக்கே ஒரு பாப்பா பிறந்துவிட்டது, இன்னமும் உன்னைப் பாப்பா என்று எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "வேற என்னன்னு எழுதுவீங்க?" என்றாள். உன் வீட்டிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து அவள் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அநேகமாக அதுதான்.

அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. பொங்கலுக்குச் சின்ன அத்தை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். குழாயில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தரம் வருகிறது. பின்வாசல் வேம்பைப் பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி வெட்டச் சொல்கிறார், நான் மறுபடி முடியாது என்றேன். இவ்வளவுதான் செய்தி. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ ஒரே சொல்லில் என்னை வாசலோடு அனுப்பிவிடுகிறாய்.

"சாப்பிட்டியாம்மா?" "நார்மல்பா." "தூக்கம்?" "கைக்குழந்தை வச்சிருந்தா இதெல்லாம் நார்மல்பா." "குரல் ஏன் இப்படி இருக்கு?" "நார்மலாத்தான்பா இருக்கு, இங்க குளிர்."

போன ஞாயிறு நாலு நிமிடம் பேசினோம். பதினொரு நார்மல். விடைத்தாளில் ஒரே சொல் பதினொரு தடவை வந்தால் நான் சிவப்பு மையால் சுழிக்கிறவன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன, இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் 187 வாங்கின பிள்ளை நீ. அதற்கு நான் பள்ளிக்கூடம் முழுக்க மிட்டாய் கொடுத்தேன். அப்போதும் "13 மார்க் எங்கே போச்சு" என்று கேட்டவனும் நான்தான், மறக்கவில்லை.

முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுத்தேன்: கீழ்க்கண்ட சொற்களைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக. ஒரு வருடம் இந்தச் சொல்லையே கொடுத்தபோது கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன், திங்கட்கிழமை எங்கள் ஆங்கில வாத்தியார் நார்மலாக இருப்பதில்லை என்று எழுதினான். முழு மார்க் போட்டேன். அன்றைக்குத் திங்கட்கிழமை.

நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு வாக்கியத்துக்கா பஞ்சம்? பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் கேட்டால் "கூலிங்கா, நார்மலா?" லேபில் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும் பெண், பார்க்காமலே "எல்லாம் நார்மல்தான் சார்". அந்தக் காகிதத்தில் ஒரு ஓரத்தில் எல்லை அச்சிட்டிருக்கிறதே, அது என்ன என்று ஒரு நாள் உட்கார்ந்து படித்தேன். நல்ல உடம்புக்காரர் நூறு பேரை எடுத்தால் 95 பேர் அடங்குகிற அளவு, பெரும்பாலும் அவ்வளவுதான். மிச்சம் ஐந்து பேரும் நல்ல உடம்புக்காரர்களே, கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். கோட்டுக்கு உள்ளே நோயாளியும் நிற்பான்.

அப்புறம் குட்டி பிறந்த அன்றைக்கு. சொந்தக்காரர் ஒருத்தர் பாக்கியில்லாமல் "நார்மலா, சிசேரியனா?" என்று கேட்டார்கள். பெண்ணா பையனா என்பது அடுத்த கேள்வி. சிசேரியன் என்றதும் எதிர்முனையில் ஒரு "ஓ" வரும். அந்த "ஓ" உனக்கும் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான்தான் குடும்பக் குழுவில் "தாயும் சேயும் நார்மல்" என்று போட்டேன், கை கூப்பின பொம்மை மூன்று சேர்த்து. நீ அப்போது மயக்கம்கூடத் தெளியவில்லை என்று அம்மா இப்போதுதான் சொல்கிறாள்.

தாத்தாவின் மூலைமட்டம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பின்கட்டில் ஆணியில் தொங்குமே, தேக்கில் அவரே செய்தது. நீ அதைத் துப்பாக்கி என்று வைத்து விளையாடினாய். என் தடி அகராதியில் பார்த்தால் நார்மல் என்ற சொல்லே அந்தச் சாமானிலிருந்துதான் வருகிறது. லத்தீனில் நோர்மா என்றால் ஆசாரியின் மூலைமட்டம். மட்டத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது நார்மல். கணக்கு வாத்தியார்கள் இன்றைக்கும் செங்குத்துக் கோட்டை அப்படித்தான் சொல்கிறார்கள். "வழக்கமானது", "எல்லாருக்கும் உள்ளது" என்கிற பொருளெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டவை. எனார்மஸ் என்கிறோமே, அதுவும் மட்டத்தை மீறினது என்பதுதான். ஆசாரி மகன் ஆங்கில வாத்தியாராகி, அப்பாவின் சாமானை லத்தீன் அகராதியில் போய்க் கண்டுபிடித்தேன். நம் ஆட்களோ அதே மட்டத்தை வைத்து மட்டமான சரக்கு, மட்டம் தட்டுவது, பள்ளிக்கு மட்டம் போடுவது என்று எங்கெங்கோ போய்விட்டார்கள்.

தாத்தா புதுச் சாமான் எதையும் நம்ப மாட்டார். மூலைமட்டம் வாங்கினாலும் செய்தாலும் முதலில் அதையே சோதிப்பார். விளிம்பு இழைத்த பலகையில் மட்டத்தை வைத்து பென்சிலால் ஒரு கோடு. பிறகு மட்டத்தைப் புரட்டிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப் போக இரண்டு கோடும் விரிந்தால் மட்டத்தில் கோளாறு. எவ்வளவு கோளாறோ அதைப் போல இரண்டு மடங்கு கண்ணுக்குத் தெரியும். "நிலை கோணலா இருக்குன்னு மரத்தைத் திட்டாதடே, கையில இருக்கிற மட்டத்தைப் புரட்டிப் பாரு" என்பார். நான் அதைக் கதையாக வகுப்பில் சொல்லியிருக்கிறேன். செய்து பார்த்ததில்லை.

சரி, சுற்றி வளைத்தது போதும். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? லேகியம் ஒரு டப்பா அம்மா வைத்துவிட்டு வந்தாளே, பிரித்தாயா?

நீ அனுப்புகிற போட்டோ எல்லாவற்றிலும் குட்டி மட்டும் இருக்கிறான். கடைசியாக வந்ததில் உன் கை தெரிந்தது. மணிக்கட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை. கையில் வளையல் இல்லை. அந்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், கைதான் பெரிதாகிறது. பெற்றவனுக்கு முகம் காட்டக் கூடாதா? அவ்வளவு வேலையா உனக்கு? கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துவிட மனமில்லை, இருக்கட்டும்.

அம்மா வந்த மூன்றாம் நாள் ராத்திரி. நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாத்திரம் கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அவளும் குழாயைத் திறந்துவிட்டுட்டுத்தான் அழறா" என்றாள். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

அவளும். அந்த ஒரு "உம்"முக்கு நான் இன்னும் தூங்கவில்லை பாப்பா.

உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று இருந்தோம். 1993-இல் நீ பிறந்து ஐந்தாம் மாதம் உன்னையும் அம்மாவையும் ஆச்சி வீட்டிலிருந்து கூட்டிவந்தேன். அப்போது நம் வீட்டில் குழாய் கிடையாது, பின்வாசலில் அடிபம்பு. எண்ணெய் காணாத பம்பு, அடித்தால் தெருமுனை வரை கேட்கும். ராத்திரி பத்து மணிக்கு உன் அம்மா பம்பு அடிக்கப் போவாள். குடம் நிறைந்த பிறகும் அடிப்பாள். தண்ணீர் வழிந்து வேப்பமரத்துக்குப் போகும். தண்ணீர்ப் பஞ்ச ஊரில் இப்படி வீணாக்குகிறாளே என்று நான் உள்ளேயிருந்து சத்தம் போட்டிருக்கிறேன்.

ஒரு நாள் நான் காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "புள்ளையைத் தூக்கவே பயமா இருக்கு. எனக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள். நான் நிமிரவில்லை. "பிள்ளை பெத்த எல்லாருக்கும் இருக்கிறதுதான். நார்மல்" என்றேன். அடுத்த தாளை எடுத்தேன். அப்பத்தா கேட்டபோதும் அதே பதில். ஆங்கிலத்தில் சொன்னதால் இரண்டு பேரும் படித்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் நான் சீக்கிரம் வந்தேன். நீ தொட்டிலில் முகம் சிவக்க அழுகிறாய். அவள் பின்படியில் பம்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அடிக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு. நான் உன்னைத் தூக்கினேன். அவளைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்பதை எழுத மாட்டேன், அம்மாவுக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கும். அவள் பக்கத்தில் போய் உட்காரவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. மேலவீட்டு ஆச்சிதான் அப்புறம் தினமும் மத்தியானம் வந்து உன்னை மடியில் போட்டுக்கொண்டு, "நீ தூங்குடி" என்று அவளைத் தூங்கவைத்தாள். உனக்கு ஒரு வயது ஆகும்வரை. அந்த ஆச்சி செத்தபோது அம்மா ஏன் அப்படி அழுதாள் என்று நீ கேட்டாயே, அதற்குத்தான். நான் உனக்கு அன்றைக்குச் சொன்ன பதில் பொய்.

உன் வீட்டுக்கு வந்த நர்ஸ் பத்துக் கேள்வி உள்ள ஒரு தாள் கொடுத்ததாகவும், அம்மாவின் காபி ஆறுவதற்குள் நீ டிக் அடித்துத் திருப்பிக் கொடுத்ததாகவும் அம்மா சொன்னாள். அது என்ன தாள் என்று தேடிப் பார்த்தேன். பிள்ளை பெற்றவர்களின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க ஸ்காட்லாந்தில் 1987-இல் போட்டதாம், எடின்பரோ பெயரில். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா என்று தொடங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. பத்தாவது கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அதைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீ பரீட்சையில் எப்போதும் மார்க் வாங்குகிற பிள்ளை, எந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் எல்லாரும் நிம்மதியாகப் போவார்கள் என்று உனக்குத் தெரியும். அந்தத் தாளைத் திரும்பக் கேட்டு வாங்கு. இந்தத் தடவை மார்க் பார்க்காமல் எழுது. பத்தாவதையும்.

இங்கே லேடி டாக்டரிடம் போய், யாருக்கு என்று சொல்லாமல் கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். முதல் இரண்டு வாரம் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, தானே போய்விடும். பத்து வாரம் ஆகியும் போகவில்லை என்றால் பொறுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை, டாக்டரிடம் போகணும் என்றார். பால் கொடுக்கிறவர்களுக்கு ஏற்ற மாத்திரை உண்டாம். மாத்திரை இல்லாமல் பேசியே சரிசெய்வதும் உண்டாம். மாப்பிள்ளையிடம் நானே பேசட்டுமா? உன்னைக் கேட்காமல் பேச மாட்டேன். அவரும் என்னிடம் "நார்மல்தான் மாமா" என்றுதான் சொல்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா திரும்பி வந்தது பொங்கலுக்காக இல்லை. நான்தான் நாலு நாளைக்கு ஒரு தரம் "எப்ப வர்றே, எப்ப வர்றே" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் காரணம். இப்போது ரசம் வைக்கப் பழகிக்கொண்டேன், சுமாராக வருகிறது. அவள் விசா ஏப்ரல் வரை இருக்கிறது. பெட்டியைப் பரண் மேல் ஏற்றவில்லை, கட்டிலடியில்தான் கிடக்கிறது. முழங்காலைப் பற்றிக் கேட்டேன், "கால் இங்க வீட்டுல கிடந்தா என்ன, அங்க கிடந்தா என்ன" என்கிறாள். நீ வா என்றால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ராத்திரி எட்டரைக்குக் கூப்பிடுகிறேன். உனக்கு மத்தியானம் மூணு, இருட்டுவதற்கு முன்னால். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். அழுகை வந்தால் குழாயைத் திறக்காதே. அப்படியே அழு. நான் போனை வைக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: கடலை மிட்டாய் இரண்டு கிலோ தனியாகப் பார்சலில் வருகிறது. லேகியம் கசக்கிறது என்று வைத்திருந்தால் ஒரு மிட்டாயோடு சேர்த்துத் தின்னலாம் என்று அம்மா எழுதச் சொன்னாள். கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். பம்பு வந்த இடத்தில் எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "மூணு குடம் இல்ல, நாலு" என்றாள். நான் எத்தனை குடம் என்று எழுதவே இல்லை.