பட்டறைக்குத் திரும்பி வருவதைப் பற்றி

அன்புள்ள சாமிக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், ஏ.ஐ. வந்த பிறகு சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்குப் பாதிப் பேர் போதும் என்கிறார்கள், பேசாமல் கோவைக்கு வந்து அப்பாவோடு மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற வைண்டிங் பட்டறையில் உட்கார்ந்துவிடுகிறேன் என்றாய். ஏ.ஐ.க்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஹின்டன் பேசிய வீடியோவையும் அனுப்பியிருந்தாய். 2024-இல் நோபல் பரிசு வாங்கிய மனிதர், பிளம்பர் வேலை கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் இருக்கும் கனடாவில் பிளம்பருக்கு என்ன கூலி, நம் கணபதி ஏரியாவில் என்ன கூலி?

கைவேலையை மிஷின் சீக்கிரம் பிடுங்காது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனியிலும், அப்புறம் நம் பட்டறையிலும் தண்ணீருக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் கம்பி கோத்தவள் நான். பிளாஸ்டிக் உறை போட்ட அந்தக் கம்பியை மோட்டாரின் இரும்புப் பள்ளமான ஸ்லாட்டுக்குள் ஒவ்வொரு சுற்றாக விட்டு இழுக்க வேண்டும். ஊசிமுனை அளவு கீறல் விழுந்தாலும், தண்ணீருக்குள் இறக்கியதும் கரண்ட் கசிந்து எர்த் அடித்துவிடும். அந்த மோட்டார் போர்வெல்லுக்குள் பல நூறு அடி ஆழத்தில் தொங்கும். மறுபடி வெளியே எடுக்க வண்டி, ஆள், கூலி. வைண்டிங் கூலியைவிட அது அதிகம். அதனால் இழுக்கும்போதே கம்பி எங்கே உரசுகிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். சதுரங்கத்தில் கம்ப்யூட்டர் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது 1997-இல். இன்றைக்கும் நம் தெருவில் இந்த வேலையை விரல்தான் செய்கிறது. சீலிங் ஃபேனுக்கு வைண்டிங் மிஷின் வந்து ரொம்ப வருஷமாகிறது, ஏனென்றால் அங்கே ஒரே மாடலை ஆயிரக்கணக்கில் சுற்றுகிறார்கள். ரிப்பேருக்கு வருவதில் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை.

போன மாதம் அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் வந்தது. உன் தங்கை அதைப் படம் எடுத்து ஏ.ஐ.யிடம் கேட்டாள். ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டார், மூன்றில் இரண்டு பேஸ் காயில் கருகியிருக்கிறது, மும்முனை கரண்டில் ஒரு முனை, அதாவது ஒரு பேஸ், வராமல் ஓடியிருக்கிறது என்று டக்கென்று சொல்லிவிட்டது. ஃபியூஸைப் பார், ஸ்டார்ட்டர் கான்டாக்டைப் பார், கேபிள் ஜாயின்ட்டைப் பார் என்றும் சொன்னது. எல்லாம் சரிதான். அப்பா படித்துவிட்டு, "நல்ல பையன், ஐ.டி.ஐ.யில் ஃபர்ஸ்ட் மார்க் வாங்குவான்" என்றார். அப்புறம் மோட்டார்காரருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, மழை எப்படி, சோளம் எப்படி என்று ஆரம்பித்தார். காபி முடிவதற்குள் விஷயம் வந்துவிட்டது. மும்முனை கரண்ட் இல்லாத நேரத்தில், இருக்கிற இரண்டு பேஸிலேயே கண்டன்சர் போட்டு ஓட்டியிருக்கிறார். அதற்காக, ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துகிற பிரிவென்டரையும் கழற்றி வைத்திருக்கிறார். நேராகக் கேட்டிருந்தால் சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டார். அது தெரியாமல் காயிலை மட்டும் புதிதாகச் சுற்றிக் கொடுத்தால், மறுபடியும் கருகி வரும், பழி நம் தலையில் விழும்.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, பட்டறைதான் பாதுகாப்பு என்று நீ சொல்லக்கூடும். அவசரப்படாதே.

என் கவலை வேறு. மோட்டார் கருகினால்தான் நமக்குச் சோறு. இப்போது செல்போனில் ஆன் செய்கிற ஸ்டார்ட்டர் தோட்டத்துக்குத் தோட்டம் வந்துவிட்டது. பேஸ் போனாலும் தண்ணீர் வற்றினாலும் அதுவே நிறுத்தி மெசேஜ் அனுப்புகிறது. இனி கரண்ட் இழுக்கிற விதத்தையும் அதிர்வையும் வைத்து, பேரிங் போகப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வதும் சின்ன மோட்டார் வரை வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். பெரிய ஆலைகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. கரண்ட் கம்மியாக இழுக்கிற புது பிஎல்டிசி ஃபேனில் பெரும்பாலும் போவது காயில் இல்லை, எலக்ட்ரானிக் போர்டு. மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தில் மானியத்தோடு வருகிற சோலார் பம்பிலும் கன்ட்ரோலர்தான் மூளை. ஆக, எந்த மிஷினும் வந்து என் இடத்தில் உட்கார்ந்து கம்பி கோக்க வேண்டியதில்லை. கோக்க வேண்டிய தேவை குறைந்தாலே போதும். விவசாயிக்கு அது நல்லது, அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்பாவின் வைண்டிங் டேட்டா நோட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி, எத்தனை ஸ்லாட் தள்ளிப் போட வேண்டும் என்கிற பிட்ச் என்ன என்று எழுதி, பீரோவில் பூட்டி வைப்பார். பக்கத்துப் பட்டறைக்காரர் கேட்டாலும் காட்டமாட்டார். இன்றைக்கு அதையும் போனில் கேட்கிறார்கள். சில சமயம் சரியாகச் சொல்கிறது, சில சமயம் ஸ்லாட்டுக்குள் நுழையவே நுழையாத கம்பியைச் சொல்கிறது, அதையும் அதே தெம்போடு சொல்கிறது. நோட்டின் மவுசு போனதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. ஆனால் வேலைக்கு வருகிற பையன்கள் கருகிய காயிலைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி எண்ணித்தான் தொழில் கற்றார்கள். கணக்கு போனில் கிடைத்தால் எவன் உட்கார்ந்து எண்ணுவான்? தப்பான பதிலைப் பார்த்தவுடன் "இது நுழையாது" என்று சொல்ல, எண்ணிப் பழகிய ஒருவன் பட்டறையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, பட்டறைதான் பத்திரம் என்று உன்னை மாதிரி ஆயிரம் பேர் கிளம்பி வந்தால் கூலி ஏறுமா, இறங்குமா? ஒரு மோட்டாருக்கு இவ்வளவு என்கிற வைண்டிங் பீஸ் ரேட் எப்போதும் கையை நீட்டுகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் இருந்திருக்கிறது. என் விரல் நுனி, அப்பாவின் முதுகு, வார்னிஷ் நெடி, சாயங்காலமானால் கண் எரிவது எல்லாம் உனக்குத் தெரியும். உன்னைப் படிக்க வைத்ததே அதற்காகத்தான்.

வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஒளிந்துகொள்ள வராதே என்கிறேன். நாற்பது வயதில் கம்பி கோக்கப் பழகி என் வேகத்துக்கு நீ வரமாட்டாய், இது திட்டு இல்லை. ஆனால் கெட்டுப்போன ஸ்டார்ட்டர் போர்டுகளும் ஃபேன் போர்டுகளும் ஒரு சாக்கு நிறைய மூலையில் கிடக்கின்றன. இந்தத் தெருவில் அதைத் திறந்து பார்க்க ஆளில்லை, புதுசு மாட்டி அனுப்புகிறோம். நீ காலேஜில் படித்தது எலக்ட்ரானிக்ஸ்தானே? அந்த ஏ.ஐ.யையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாமே. வேலையை இப்போது விடாதே. பொங்கலுக்கு லீவு சேர்த்துப் போட்டுக்கொண்டு வா. பத்து போர்டு பிரித்துப் பார், எத்தனை உயிர் பெறுகிறது, ஒன்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, என்ன கேட்கலாம் என்று கணக்குப் போடுவோம். கணக்கு ஒத்துவந்தால் மேற்கொண்டு பேசலாம்.

வரும்போது நல்ல சால்டரிங் அயர்ன் ஒன்று வாங்கி வா. இங்கே இருப்பது கேபிள் பற்றவைக்கிற தடி முனை, அந்தப் போர்டுக்கு ஆகாது.

அன்புடன்,
அம்மா