ஐபோனுக்கு மாறலாமா என்று கேட்ட மகனுக்கு

கீழக்கரை.

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் ராத்தாவும் பிள்ளைகளும் நானும் இங்கே நலமாக இருக்கிறோம். உன் உடல்நலத்துக்காகவும் வேலைக்காகவும் துஆச் செய்துகொண்டிருக்கிறேன். ஆண்ட்ராய்டை விட்டு ஐபோனுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ மாறுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்வரை பொறுத்துக்கொள். என்னுடைய கைபேசியையும் ராத்தாவுடையதையும் சேர்த்து வீட்டையே ஐபோனுக்கு மாற்றிவிடலாம் என்ற எண்ணத்தை மட்டும் அடியோடு விட்டுவிடு. போட்டிம் என்ற அழைப்புச் செயலியில் நீ அழைக்கும்போதெல்லாம் ராத்தாவின் பிள்ளைகள் கைபேசியைப் பிடுங்கிக்கொள்வதால் காரணங்களைக் கோவையாகச் சொல்ல முடியவில்லை. நெடுங்காலம் பள்ளியில் கணினி அறிவியல் நடத்தியவள் என்ற முறையிலும் உன்னைப் பெற்றவள் என்ற முறையிலும் அவற்றை எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நீ சொன்ன காரணங்களில் கேமராவைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. நீ செலவிட நினைக்கும் தொகைக்கு இரு பக்கமும் நல்ல கேமராவே கிடைக்கும். திரும்ப விற்கும்போது ஐபோனுக்கு விலை நிற்கும் என்பதும் சரிதான். அறையில் உடன் இருப்பவர்கள் எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்பதை நான் காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஐமெசேஜ் என்ற ஆப்பிளின் செய்திச் சேவையில், அனுப்பிய செய்தி ஐபோனுக்குப் போனால் நீலக் கட்டத்திலும் ஆண்ட்ராய்டுக்குப் போனால் பச்சையிலும் தெரியும். அமெரிக்காவில் அந்த நீலத்துக்காகவே ஐபோன் வாங்குகிற பிள்ளைகள் உண்டு; நம் மக்கள் துபாயில் இருந்தாலும் கீழக்கரையில் இருந்தாலும் வாட்ஸ்அப்பில்தான் எழுதிக்கொள்கிறார்கள் என்பதால் அந்த நீலமும் பச்சையும் நம்மைத் தொடுவதில்லை.

ஐபோனுக்குத்தான் பல ஆண்டுகள் அப்டேட் வரும் என்று நீ எழுதியிருந்தது மட்டும் யோசிக்க வேண்டிய காரணம். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024இல் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 18 வரை கிடைத்தது. அந்தக் காலத்து ஆண்ட்ராய்டுகளில் பெரும்பாலானவை அதன் அருகில்கூட வரவில்லை. ஆனால் 2023இல் கூகுள் தன் பிக்சல் 8 கைபேசிக்கும், 2024இல் சாம்சங் தன் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவதாக அறிவித்த பிறகு நிலைமை மாறிவிட்டது. மலிவு விலை ஆண்ட்ராய்டுகளுக்கு இந்த வாக்குறுதி இல்லை என்பதையும், நீ வைத்திருப்பது இதற்கெல்லாம் முந்திய கைபேசி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது புதிதாக ஒன்று வாங்கக் காரணமாகுமே தவிர, பக்கம் மாறக் காரணமாகாது.

இனி என் மனத்தில் பாரமாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உன் வாப்பா உனக்கு அனுப்பிய குரல் பதிவுகள் உன் கைபேசியில் மட்டும்தான் இருக்கின்றன. ஒரே வீட்டில் இருந்த எனக்கு அவர் எதற்காக வாய்ஸ் அனுப்பியிருக்கப் போகிறார்? ஜெட்டிப் பக்கம் அன்று என்ன மீன் வந்தது, யார் வீட்டு நிக்காஹ், நீ அனுப்பிய பணத்தில் எது எதற்குக் கொடுத்தார் என்று அவர் சொன்னதெல்லாம் உனக்குச் சொன்னவை. அவர் மவுத்தான பிறகு அந்தக் குரல் வேறு எங்கும் இல்லை. கைபேசி மாற்றும் பேச்சு எடுத்தவுடன் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

பாம்பன் பாலத்தில் 2007இல் அகலப்பாதை வருவதற்கு முன்பு இருந்த மீட்டர் கேஜ் என்ற குறுகலான ரயில் பாதையை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு பாதையின் பெட்டி மற்றப் பாதையில் ஓடாது. சரக்கை இறக்கித்தான் ஏற்ற வேண்டும், உடைவதும் தொலைவதும் அந்த இடத்தில்தான். வாட்ஸ்அப் விஷயம் இப்படித்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதன் பேக்கப், அதாவது காப்பு நகல், கூகுளின் இணையச் சேமிப்பிடமான டிரைவுக்குப் போகிறது. ஐபோனில் ஆப்பிளின் ஐகிளவுடுக்குப் போகிறது. டிரைவில் உள்ளதை ஐபோன் எடுத்துக்கொள்ளாது. நாள் தவறாமல் பேக்கப் ஆகிறது என்று நீ நிம்மதியாக இருக்கிறாய். பக்கம் மாறும் நாளில் அந்த பேக்கப்பால் உனக்கு எந்தப் பயனும் இல்லை. 2022இலிருந்துதான் ஆப்பிளின் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலி வழியாக வாட்ஸ்அப் உரையாடல்களைக் கைபேசியிலிருந்து கைபேசிக்கு நேரடியாகக் கொண்டுபோக முடிகிறது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். இரண்டும் சார்ஜில் இருக்க வேண்டும். ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐபோன் இன்னும் அமைக்கப்படாத புதியதாகவோ, முழுவதும் அழித்து ரீசெட் செய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும். அப்படி மாற்றினாலும் அழைப்புப் பட்டியல் வராது. செய்திகளும் படங்களும் குரலும் வரும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நம் தெருவில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு, கைபேசி வாங்கிய கடையிலேயே பெட்டியைப் பிரித்து, கணக்குத் தொடங்கி, வாட்ஸ்அப்பையும் அந்த எண்ணில் புதிதாகத் திறந்து கையில் கொடுத்துவிட்டார்கள். உதவியாகத்தான் செய்தார்கள். பழையதை அங்கேயே மாற்றாகக் கொடுத்துவிட்டதால் அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இருக்கவில்லை. கணவர் கடல் கடந்து இருந்த ஆண்டுகளின் பேச்செல்லாம் போன பிறகு என்னிடம் கொண்டுவந்தாள். என்னால் அவளோடு சேர்ந்து வருந்த மட்டுமே முடிந்தது. ஆகவே, எந்த ஊர்க் கடையாக இருந்தாலும் உன் பெட்டியைப் பிறர் பிரிக்க விடாதே.

நீ விடுமுறைக்கு வந்ததும் நம் வீட்டுக் கணினியில் இதைச் சேர்ந்து செய்வோம். ஆண்ட்ராய்டில் உள்ள ஒரு நன்மை, கேபிளைச் செருகியதும் வாட்ஸ்அப்பின் கோப்புறையைத் திறந்து பார்த்துவிட முடியும் என்பது. மீடியா என்ற பகுதிக்குள் ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ இருக்கும்; அதற்குள் வாரத்துக்கு ஒன்றாகக் கோப்புறைகள் இருக்கும்; ஒவ்வொரு கோப்பின் பெயரும் ‘பிடிடி’ (PTT) என்று தொடங்கி, ஆண்டு, மாதம், நாள் என எட்டு இலக்கங்களோடு தொடரும். தேதி தெரியும், யார் பேசியது என்பது பெயரில் இருக்காது. வாப்பாவின் குரலும் உன் முதலாளியின் குரலும் ஒரே கோப்புறையில் கலந்து கிடக்கும். ஆகவே வாப்பாவோடு நடந்த உரையாடலைத் தனியாகத் திறந்து, மீடியாவுடன் சேர்த்து எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அந்த முறையில் அண்மைச் செய்திகள் ஓர் எண்ணிக்கை வரைக்கும்தான் வெளிவரும் என்பதால், கோப்புறையையும் முழுதாக நகல் எடுத்துவிட்டு, விடுபட்டவற்றைத் தேதி பார்த்து, கேட்டுப் பிரித்தெடுக்க வேண்டும். அவர் குரல் எனக்குத் தெரியும். அந்த வேலையை என்னிடம் விடு. அவை ஓபஸ் வகைக் கோப்புகள். விஎல்சி போன்ற இலவச மென்பொருளில் எந்தக் கணினியிலும் பாடும். ஐபோனில் இப்படி உள்ளே போய்க் கோப்புகளை அள்ளிவர வழி இல்லை. மாறுவதற்கு முன் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

புகைப்படங்களைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. கூகுள் போட்டோஸ் ஐபோனிலும் இயங்கும். 2024இலிருந்து அங்கே உள்ள படங்களின் நகலை ஐகிளவுடுக்கு நேரடியாக அனுப்பவும் முடிகிறது. எதிர்த்திசையில் அனுப்பும் வசதியை ஆப்பிள் 2021இலேயே தந்துவிட்டது. இடத்துக்கான பணத்தை மட்டும் கணக்குப் போட்டுக்கொள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, ஆப்பிள் தருவது 5 ஜிபி. ஐகிளவுடுக்கு மாறிவிட்டு, கூகுளில் உள்ள பழையதை அழிக்க மனம் வராமல் இரு பக்கமும் மாதக் கட்டணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நீயும் அப்படித்தான் செய்வாய் என்று எனக்குத் தெரியும். இன்னொன்று, 2017 முதல் ஐபோன் படங்களை ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கிறது. பாஸ்போர்ட் வேலைக்கு நீ அனுப்பும் படம் நம் பஜார் ஸ்டுடியோவின் பழைய கணினியில் திறக்காமல் போகலாம். அமைப்புகளில் கேமராவின் ஃபார்மேட்ஸ் பகுதிக்குப் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றிவைத்தால் வழக்கமான ஜேபெக்காக வரும்.

நீ விரும்பி வாங்கிய கைக்கடிகாரத்தையும் நினைத்துப்பார். 2021இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் சாம்சங் கடிகாரங்கள் ஐபோனோடு சேராது. ஆப்பிள் கடிகாரம் ஆண்ட்ராய்டோடு ஒருநாளும் சேர்ந்ததில்லை. காசு கொடுத்து வாங்கிய செயலிகளையும் அங்கே மறுபடியும் வாங்க வேண்டும். சார்ஜர் விஷயத்தில் மட்டும் புதுச் செலவு இருக்காது. 2023இன் ஐபோன் 15 முதல் அதுவும் டைப் சி ஆகிவிட்டது.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நான் தமிழ்99 விசைப்பலகையில் தட்டுகிறவள் என்பதால் ஐபோனில் சிரமப்படுவேனோ என்று நீ தயங்கியிருந்தாய். அந்தத் தயக்கம் தேவையில்லை. தமிழ்99உம், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைப்பலகையும் 2013இன் ஐஓஎஸ் 7இலேயே உள்ளுக்குள் வந்துவிட்டன. என் மறுப்புக்குக் காரணம் ராத்தாவின் அன்றாடம். மளிகை, மின் கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அவள் கைபேசியின் யுபிஐயில் போகின்றன. யுபிஐ, சிம்மோடும் கைபேசியோடும் பிணைக்கப்பட்டது; கைபேசி மாறினால் அந்த சிம்மிலிருந்து வங்கிக்குச் செய்தி போய் மறுபடியும் பதிவாக வேண்டும்; பாதுகாப்புக்காகத் தொடக்கத்தில் அனுப்பும் தொகைக்கு வரம்பும் இருக்கும். ஒருமுறை செய்தால் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் நீ வாங்கித் தருவதாகச் சொன்னது பெருநாளை ஒட்டி. வீட்டில் செலவு நெருக்கும் நாட்கள் அவை. அதோடு, கைபேசி கீழே விழுந்தால் ராத்தா போவது பஜார்க் கடைக்கு. அங்கே வெளி உதிரியால் ஐபோனின் திரையையோ பேட்டரியையோ மாற்றினால், அசல் பாகம் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற அறிவிப்பைக் காட்டும். அவளிடம் இருப்பது நன்றாக ஓடுகிறது. ஓடுகிறதை ஏன் கலைக்க வேண்டும்?

ஒரு பக்கம் சுதந்திரம், மறுபக்கம் சிறை என்று நண்பர்கள் உனக்குச் சொல்வதை நான் நம்பவில்லை. ஆண்ட்ராய்டில் தன் செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக நம் நாட்டின் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2023இல் அந்தத் தொகையை உறுதிசெய்தது. கைபேசிச் சந்தையில் ஏகபோகம் செய்வதாக அமெரிக்க நீதித்துறை 2024 மார்ச்சில் ஆப்பிள் மீது வழக்குத் தொடுத்தது. வாடிக்கையாளர் வெளியேறத் தயங்க வேண்டும் என்பதில் இரண்டுக்கும் ஒரே அக்கறைதான். இந்த இரண்டும் என்றைக்கும் இருக்கும் என்றும் எண்ணாதே. பிளாக்பெரியின் பழைய கைபேசிச் சேவைகள் 2022 ஜனவரி 4 அன்று நின்றுபோயின. விண்டோஸ் கைபேசிகளில் வாட்ஸ்அப் 2019 முடிவோடு நின்றது. அதனால் விட்டுவிட முடியாதவற்றை இரண்டு நிறுவனங்களின் கையிலும் இல்லாமல் நம் வீட்டு அலமாரியிலும் ஒரு நகலாக வைத்துக்கொள்வோம். அதன் பிறகு நீ எந்தப் பக்கம் போனாலும், பிடிக்காமல் திரும்பி வந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

வரும்போது 1 டிபி ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டு வாங்கி வா. ஒன்று இங்கே இருக்கட்டும், ஒன்று உன்னோடு இருக்கட்டும். டேட்டா போகும் கேபிளாக ஒன்று எடுத்து வை. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் கோப்புகள் வராது. வாட்ஸ்அப்பில் சாட்டுகளைத் தானாக அழிக்கும் அமைப்பு எதுவும் போடப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பார். திரும்பிப் போய் ஐபோன் வாங்குவதானால் 256 ஜிபிக்குக் குறையாமல் எடு, அதில் மெமரி கார்டு போட இடம் கிடையாது. பழைய கைபேசியை மாற்றாகக் கொடுத்தால் கிடைக்கும் திர்ஹமுக்கு ஆசைப்படாமல், எல்லாம் வந்து சேர்ந்ததா என்று ஒரு மாதமாவது பார்த்த பிறகு விற்றுக்கொள்.

வஸ்ஸலாம்.
அன்புடன்,
உம்மா