பாரம்தான் கூடியது, கூலி கூடவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக அறுவடை பற்றிப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையில் ஒரு வரி: "கூடுதல் பாரம் ஏற்றி லாபம் பார்க்கும் லொறிக்காரர்களால் வீதிகள் பாழாகின்றன." எங்கள் வீட்டில் காலையில் தேத்தண்ணியோடு முதலில் விரிப்பது உங்கள் பத்திரிகையைத்தான். வேறு யாராவது எழுதியிருந்தால் விட்டிருப்பேன். நீங்கள் எழுதியதால்தான் இவ்வளவு வலிக்கிறது.

லாபம் என்று எழுதியவர் ஒரு லொறிக்காரரிடமாவது கணக்குக் கேட்டாரா?

லொறி நிறைந்து ஓடினால்தான் பிழைப்பு என்பது உண்மை. ஐந்து தொன் ஏற்றினாலும் பத்துத் தொன் ஏற்றினாலும் லீசிங் காசு ஒன்று, காப்புறுதி ஒன்று, கிளீனரின் சம்பளம் ஒன்று. டீசலும் பாரம் இரட்டித்தால் இரண்டு மடங்கு ஆவதில்லை. அதனால் பத்துத் தொன் லொறிக்குப் பத்துத் தொன் கிடைத்தால் சந்தோஷம்தான். பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு என்று அதற்கு மேலே போகும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் உங்கள் கட்டுரை எழுதவில்லை.

உதாரணத்துக்குக் கிலோவுக்கு 5 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துத் தொன்னுக்கு 50,000. பதினான்கு ஏற்றினால் 70,000. இருபதாயிரம் கூட வருகிறதே என்று ஒருவர் ஏற்றுவார், அவரைப் பார்த்து இன்னொருவர் ஏற்றுவார். அடுத்த போகத்தில், லொறி பிடித்துக் கொடுக்கும் தரகர் 4 ரூபாய் என்பார். எல்லோரும் பதினான்கு ஏற்றத் தொடங்கிய பிறகு 3 ரூபாய் 60 சதம் என்பார். பதினான்கு தொன்னை 3.60இல் பெருக்கிப் பாருங்கள், 50,400 வரும். பத்துத் தொன்னுக்கு வாங்கிய கூலிக்குப் பதினான்கு தொன்னை இழுக்கிறோம். மிஞ்சியது நெல் வாங்கும் ஆலைக்காரர் கையில். நான் நியாயமாகப் பத்துத்தான் ஏற்றுவேன் என்று நின்றால் எனக்குப் பின்னால் இன்னொரு லொறி நிற்கிறது. இதற்குப் பெயர் லாபமா, ஐயா?

நெல்லின் கதை இதைவிட மோசம். தை, மாசி மாதங்களில் மழை முழுதாக விட்டிருக்காது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வெட்டு மிஷின் வயலை விட்டு ஏறும்போதே நெல் விற்றுவிடும். காய வைக்க விவசாயிக்கு இடமும் இல்லை, பொழுதும் இல்லை. அந்த ஈர நெல்லை வயல் ஓரத்திலேயே மூடை கட்டி ஏற்றுகிறார்கள். அங்கே லொறியோடு நிறுக்கும் தராசுப் பாலமா இருக்கிறது? மூடை எண்ணிக்கைதான் கணக்கு. 22 வீத ஈரம் உள்ள பத்துத் தொன் நெல் 14 வீதத்துக்குக் காய்ந்தால் ஒன்பது தொன்னுக்குச் சற்று மேலேதான் நிற்கும். அதாவது 900 கிலோவுக்கு மேல் தண்ணீரை வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை தாண்டிப் பொலன்னறுவை வரை சுமக்கிறேன். ஓர் ஆலையில் ஈரத்தைக் கழித்து, மிஞ்சிய நிறைக்குத்தான் எனக்குக் கூலி தந்தார்கள். என் டயர் அந்தத் தண்ணீரைக் கழித்துக்கொண்டா தேய்ந்தது? கேட்டதற்கு, விருப்பம் இல்லையென்றால் அடுத்த முறை வராதே என்றார்கள்.

டயரைப் பற்றி எழுதினால் ஒரு கடிதம் போதாது. பாரம் கூடினால் டயர் சூடேறும், பக்கச் சுவர் பிளக்கும், றீபில்ட் பண்ணக்கூட உதவாது. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு டயர் விலையும் உதிரிப்பாக விலையும் ஏறிய ஏற்றத்தில் பாதியாவது கூலியில் ஏறியதா? கண்டியிலிருந்து இறங்கும்போது மகியங்கனைப் பதினெட்டு வளைவில் பாரம் கூடிய லொறியின் பிரேக் லைனர் கருகி மணக்கும். செகண்ட் கியரில் போட்டு, கடவுளை நினைத்துக்கொண்டுதான் இறக்க வேண்டும். என் மைத்துனரின் லொறி ஒரு முறை குடை சாய்ந்தது. பாரம் கூட என்று ஒரே வரியில் எழுதிக் காப்புறுதிக் கம்பனி கையை விரித்துவிட்டது. பாரத்தை ஏற்றச் சொன்னவர் அந்தப் பக்கமே வரவில்லை.

வீதி பாழாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. சக்கர அச்சில் விழும் பாரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் வீதிக்கு வரும் சேதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது 1950களின் கடைசியில் அமெரிக்காவில் லொறிகளை ஓடவிட்டுப் பார்த்த சோதனையிலிருந்து வந்த கணக்கு. உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தப் பள்ளத்தில் தினமும் விழுந்து எழும்புவது எங்கள் லொறி. வில்லுத் தகடு உடைவது எங்களுக்கு. எங்களை விட நல்ல வீதி வேண்டும் என்று நினைப்பவர் யார்?

இது ஒரு நாள் மனத்தாங்கல் இல்லை. 2021 டிசம்பரில் 121 ரூபாய்க்கு அடித்த டீசல் 2022 ஜூனில் 460 ரூபாய். வரிசையில் லொறிக்குள்ளேயே படுத்துக் கிடந்தோம். அந்த நேரம் கூலியைக் கூட்டிக் கேட்டதற்கு, அரிசி விலை ஏற லொறிக்காரர்களும் காரணம் என்று உங்கள் பத்திரிகையில்தான் செய்தி வந்தது. விபத்து என்றாலும் அப்படித்தான். விசாரணை தொடங்குமுன் லொறியின் படம் முன்பக்கத்தில் வந்துவிடும். பிறகு சாரதியில் பிழையில்லை என்று தெரிந்தால் அதை எந்தப் பக்கத்திலும் காணோம். வாவியைக் கடக்க மண்முனைக்குப் பாலம் வந்தது 2014இல். அதற்கு முந்திய காலத்திலும் பட்டிருப்பாலும் வலையிறவாலும் சுற்றி வந்து படுவான்கரை நெல்லை வெளியே எடுத்தவர்கள் நாங்கள். அதை ஒருவரும் எழுதவில்லை.

சரி, கேட்பதைக் கேட்கிறேன். வாரம்தோறும் நெல் விலை போடுகிறீர்கள். அதன் பக்கத்தில், வாழைச்சேனை, செங்கலடி, களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்று ஆகிய இடங்களிலிருந்து பொலன்னறுவைக்கும் கொழும்புக்கும் கிலோவுக்கு என்ன கூலி என்று ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். மற்றவர்கள் இவ்வளவுக்குத்தான் ஓடுகிறார்கள் என்று தரகர் சொல்லும்போது, இல்லை என்று காட்ட எங்கள் கையில் இன்று எதுவும் இல்லை. விபரம் எடுக்க ஆள் போதாது என்றால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நானே அலுவலகத்துக்குப் போன் பண்ணிச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
லொறி உரிமையாளரும் சாரதியும்,
செங்கலடி.